எபநேசரின் விரல் இறைத்த தண்ணீர்

முதலில் சத்தம்தான் வந்தது. நெகமத்துக்குத் தெற்கே, சென்னியப்பன் தோட்டத்துக் கிணற்றுமேட்டில், த்ரீ பேஸ் கரண்டு வந்த ஒரு விடிகாலையில், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வழக்கம்போலத் திரும்பி நடந்த அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால், பம்பு ஓடுகிற ஒற்றை இரைச்சல் வரவேண்டிய இடத்தில், கனத்த சாமான் ஒன்றை யாரோ படிப்படியாக இறக்குவதுபோல, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி மறுபடியும் இறக்குவதுபோல, இரும்புக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு குரல் வந்தது. சென்னியப்பன் நின்று ஒரு சுற்று முழுக்கக் கேட்டார். பிறகு தொட்டிக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர் எப்போதும்போலக் குழாய் நிறைய விழுந்துகொண்டிருந்தது. அவர் பால் கறக்கப் போய்விட்டார்.

காலைச் சாப்பாட்டின்போதுதான் வீட்டில் சொன்னார்.

"நம்ம புது மோட்டாரு என்னமோ வாசிக்குது."

"தண்ணி வருதுங்களா?" என்றார் அவர் மனைவி.

"வருது."

"அப்பறமென்னங்க."

அந்த வாரத்துக்குள்ளேயே பொங்கலூரில் ஒரு பம்பு, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல மூச்சுவிடாமல் ஸ்வரங்களை அடுக்கிக்கொண்டு போனது. செஞ்சேரிமலை அடிவாரத்தில் ஒன்று ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதை மெல்ல மேலே வளைத்து, வளைத்த இடத்திலேயே நடுங்கவிட்டு, தொலைந்த கன்றை யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல நிறுத்தியது. கிணத்துக்கடவில் ஒன்று ஊளையிட்டது. பக்கத்துத் தோட்டத்து நாய்கள் முதல் நாள் பதிலுக்கு ஊளையிட்டன, மறுநாள் தங்களுக்கு அவ்வளவு வராது என்று புரிந்துகொண்டு அடங்கிவிட்டன. பம்பு விற்ற கடைக்கு போன் மேல் போன். ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. இப்படி வாசித்துக்கொண்டே ஓடினால் பேரிங் தேயுமா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

வைண்டிங் கடைக்காரர் ஒருத்தர் ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தார். ஷாப்ட் நேராக இருந்தது, பேரிங் புதுசாக இருந்தது, உள்ளே ஒரு தூசு இல்லை. மறுபடியும் பூட்டினார். வாசிக்கிற பம்புகள் எல்லாவற்றிலும் ஒரே வார்ப்பு எண் இருப்பதை அவர்தான் முதலில் கவனித்தார். ஒரே நாளில், ஒரே உலையில் உருக்கி ஊற்றிய இரும்பு. அந்த நாளில் உலைக்குள் என்ன போனது என்று விசாரித்துக்கொண்டே போனபோது, அது எங்கள் பவுண்டரிக்கு வந்தது. நாங்கள்தான் ஊற்றினோம். எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, உருகிய பிறகு எல்லா இரும்பும் ஒரே வெளிச்சம்தான். எங்களிடமிருந்து விசாரணை பழைய இரும்பு லாரிக்குப் போனது, லாரியிலிருந்து கணபதியில் இருக்கிற ஒரு ஸ்டாம்பிங் பட்டறைக்குப் போனது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பிரஸ் ஆபரேட்டர்கள், கிளாஸிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்கள்:

"எபி விரலா இருக்கும். வேற யாரு விரலு வாசிக்கும்?"

எபி என்கிற எபநேசர் அந்தப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். நாற்பத்தைந்து தாண்டியவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்தவர். மோட்டாருக்குள்ளே அடுக்கடுக்காக இருக்கிற பல்வைத்த மெல்லிய தகடுகளை வெட்டித் தள்ளுவது அவருடைய பிரஸ்ஸின் வேலை. இரண்டு கையும் இரண்டு பொத்தான்மேல் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கைகூட உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்த வரிசையில் நிற்கிற எல்லோருமே ஒரு பொத்தானை எதையாவது செருகி அடைத்துவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுவார்கள். மற்றவர்கள் தீக்குச்சியால் அடைத்தார்கள், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்காக. எபநேசர் கிட்டார் மீட்டுகிற பிளாஸ்டிக் பிக்கைச் செருகி அடைத்தார், இடது கை சும்மா இருக்கவேண்டும் என்பதற்காக. சும்மா இருக்கிற அந்த இடது கை, நாள் முழுக்க, பிரஸ்ஸின் காவல் கம்பியைக் கிட்டாரின் கழுத்தாக நினைத்துக்கொண்டு அதன்மேல் விரல் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கும். வலது கை சோற்றுக்கு, இடது கை எனக்கு என்பார்.

அவருக்கு வாத்தியார் கிடையாது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய கேசட்டுகள்தான். நாடா அறுந்தால் நகப்பாலிஷ் வைத்து ஒட்டி, ஒரே இடத்தை நூறு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டு, விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொண்டார். வலதுகைக்காரர்களுக்குச் செய்த கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, ஒலிபெருக்கியின் ஊளையையே பாட்டாக்கிய ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி அவருக்கு வரும். மீட்டுகிற கையையும் கிட்டாரின் கழுத்துக்குக் கொண்டுபோய், பத்து விரலாலும் தட்டித் தட்டி மழை பெய்விக்கிற வான் ஹேலன் மாதிரி வரும். பத்து ஸ்வரம் சொல்ல வேண்டியதை ஒரே ஸ்வரத்தில் நடுங்கவைத்துச் சொல்லிவிடுகிற பி.பி. கிங் மாதிரி வரும். தந்தியைத் தளர்த்திக் கட்டி, யானை நடப்பதுபோல நடத்துகிற ஐயோமி மாதிரி வரும். கல்லூரி விழாக்களில், கிறிஸ்துமஸ் மேடைகளில், "எபிண்ணா, அவரு மாதிரி, அவரு மாதிரி" என்று கீழேயிருந்து கத்துவார்கள், அவரும் அவரவர் மாதிரி வாசிப்பார், கைதட்டு எல்லாம் ஊரில் இல்லாத அவரவருக்குப் போகும். எபி மாதிரி வாசி என்று யாரும் எங்கேயும் கத்தியதில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. பிறகு டிரம்ஸ் அடித்த ஜெயசீலன் தோஹாவுக்குப் போனான், பாஸ் கிட்டார் வாசித்தவர் பாஸ்டர் ஆனார், பாடியவன் மனை விற்கப் போனான். எபநேசர் கம்பிமேல் விரல் ஓட்டிக்கொண்டு பிரஸ் பக்கத்திலேயே நின்றார்.

ஒரு நாள் ஒரு தகடு சிக்கிக்கொண்டது. அதை எடுக்க இடது கை தானாகவே உள்ளே போனது. வலது கை தன் வேலையைப் பார்த்தது. நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு போய்விட்டன. கழிவுத் தகடுகளோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுந்தவற்றை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் ஒட்டிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு பேர் ஐஸ் பெட்டியோடு பைக்கில் ஓடினார்கள். அதற்குள் தொட்டியை ஏற்றிக்கொண்டு லாரி சரவணம்பட்டியைத் தாண்டியிருந்தது. அந்த ஐஸை என்ன செய்வது என்று தெரியாமல், அது உருகி முடிகிறவரை பட்டறை வாசலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தோஹாவிலிருந்து ஜெயசீலன் கூப்பிட்டான்.

"டேய் எபி, மனச விட்றாத. ஐயோமிக்கும் இதேதாண்டா ஆச்சு. தகரப் பட்டறை, அதே ரெண்டு வெரலு. பிளாஸ்டிக் பாட்டில உருக்கித் தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரு வாசிச்சதுதாண்டா மெட்டல் மியூசிக்கே. உனக்கென்னடா?"

"அதாண்டா எனக்குப் பிரச்சனையே," என்றார் எபநேசர். "வெரல் போனதுலகூட நான் இன்னொருத்தரக் காப்பியடிச்சுட்டேன்."

"சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டு ஜெயசீலன் வைத்துவிட்டான்.

அவரும் ஒரு பாட்டிலை உருக்கித் தொப்பி செய்துதான் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இந்த நிலைமையில்தான், உன் விரல் தெற்கே தோட்டந்தோட்டமாக வாசிக்கிறது என்று அவரிடம் வந்து சொன்னார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. எத்தனை பம்பு என்றும் கேட்கவில்லை. "என்ன வாசிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, முதல் ஆராதனை முடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு நெகமம் போனார்.

"நீங்கதான் வெரல்காரருங்களா?" என்று சென்னியப்பன் எழுந்து வந்தார். "வாங்க வாங்க, மொதல்ல மோரக் குடிங்க. ஒரு கொறையுமில்லீங்க, நல்லாத்தான் எறைக்குது."

எபநேசர் பம்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். படிப்படியாக இறங்குகிற அந்தக் கனம். இரண்டு சுற்று முடிந்ததும் எழுந்துகொண்டார்.

"இது ஐயோமிங்க."

"அப்படீன்னா?"

"அவரு வாசிக்கிற மாதிரிங்க."

"உங்க வெரல்தானுங்க?"

"வெரல் என்னுதுதாங்க. வாசிப்பு அவருது."

சென்னியப்பனுக்கு இதில் என்ன வருத்தம் என்று புரியவில்லை. நாலு தேங்காயைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு தோட்டம். வாசிப்பது எல்லாம் தன் விரல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஒரு மனிதனுக்குத் தன் விரல் போகிற போக்கு இருட்டிலும் தெரியும். ஆனால் அத்தனை பம்புகளில் ஏதாவது ஒன்றிலாவது, யார் மாதிரியும் இல்லாமல், தன்னை மாதிரி அது வாசிக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அப்படி ஒன்று இருந்தால் இத்தனை வருஷம் கம்பியைத் தேய்த்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு. இல்லையென்றால், நான் நல்ல கேசட் பிளேயராக இருந்திருக்கிறேன், அவ்வளவுதான் என்று ஜெயசீலனிடம் போனில் சொன்னார். பொங்கலூரில் கேட்டார், வான் ஹேலன். செஞ்சேரிமலையில் கேட்டார், பி.பி. கிங். கிணத்துக்கடவில் மொபெட்டை நிறுத்துவதற்கு முன்பே, ரோட்டிலிருந்தே தெரிந்துவிட்டது, ஹெண்ட்ரிக்ஸ். ஒவ்வொரு இடத்திலும் மோர், ஒவ்வொரு இடத்திலும் தேங்காய். லைன் வீட்டு மூலையில் தேங்காய் குவிந்துகொண்டே போனது.

அவர் இப்படித் தேடிக்கொண்டிருந்த மாதங்களில் எங்கள் பக்கத்து ஜனம் பம்புகளோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்டது. வேகமாக வாசிக்கிற பம்பின் தண்ணீருக்குச் சின்ன வெங்காயம் நன்றாக வருகிறது, மெதுவாக நடக்கிறதற்குத் தென்னை காய்க்கிறது, இழுத்து நடுங்குகிறது முருங்கைக்கு ஆகும், தக்காளிக்கு ஆகாது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். கிணத்துக்கடவு பம்பை, அந்த வீட்டுப் பெரியவர் செத்துக் கிடந்தபோது எடுக்கிறவரை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். கூலிக்கு ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுக்குமேல நாங்க என்னத்தச் சொல்றது" என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு பம்பு ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று முந்தப் பார்த்துச் சண்டை போடுகின்றன என்று, கரண்டு நேரத்தை மாற்றி வைக்கச் சொல்லி மின்வாரியத்துக்குப் போனார்கள். லைன்மேன் வந்து கேட்டுவிட்டு, "ஆமா, சண்டைதான்" என்று மாற்றிக் கொடுத்தார்.

பொதுக்கிணறு இருக்கிற இடத்தில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலும் கிணறு பிரியாது. இன்றைக்கு அண்ணன் முறை என்றால் நாளைக்குத் தம்பி முறை என்று மாற்றி மாற்றி இறைத்துக்கொள்வார்கள். காமநாயக்கன்பாளையத்தில் ஒரு தம்பி, அண்ணன் முறையில் மட்டும் பம்பு விஸ்தாரமாக வாசிக்கிறது, என் முறை வந்தால் ஏனோதானோவென்று முடித்துவிடுகிறது என்று ஊரைக் கூட்டிவிட்டார். பெரியவர்கள் இரண்டு நாளும் போய் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் சொன்னது உண்மைதான். "நீ பொத்தானை அமுக்கிட்டு, போன் பாக்கப் போயிர்ற. உங்கண்ணன் ஒக்காந்து கேக்கறான். யாரா இருந்தாலும் கேக்கறவனுக்குத்தானப்பா வாசிப்பாங்க?" என்று தீர்ப்பானது. அதன் பிறகு தம்பியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பம்பு செய்த கம்பெனிக்குத்தான் இது பிடிக்கவில்லை. வாசிக்கிற பம்பு இருக்கிறபோது வாசிக்காத பம்பை யார் வாங்குவார்கள்? கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "வேகமா மெதுவா, எது இருக்குங்க?" என்றுதான் கேட்டார்கள். கம்பெனி முதலாளி மறுபடியும் அதேபோல ஊற்றச் சொன்னார். நாங்கள் ராத்திரி ராத்திரியாக ஊற்றிக் கொடுத்தோம். எல்லாம் ஊமையாகவே ஓடின. ஒரு நாள் அவர் கணபதிப் பட்டறைக்கே வந்தார். பிரஸ் ஓட்டுகிறவர்களின் வரிசையில் மெதுவாக நடந்து, ஒவ்வொருத்தர் கையையும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமான நேரம் பார்த்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அந்த வரிசையில் ஒருத்தர்கூடப் பொத்தானில் தீக்குச்சி செருகவில்லை.

அதற்கப்புறம், வாசிக்கிற பம்பே ஊரில் இல்லாமல் செய்துவிடுவது என்று கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. வாசிக்கிற பம்பைக் கொடுத்தால் அதைவிடப் பெரிய குதிரைசக்தியில் புதுப் பம்பு இலவசம். மேலும் மேலும் கிணறு வற்றிக்கொண்டிருந்த வருஷம் அது. ஜனம் இரண்டு நாள் யோசித்தது, மூன்றாம் நாள் கழற்றிக் கொடுத்தது. சென்னியப்பன் தன் பம்பு போகிற லாரிக்குப் பின்னால் ரோடு வரை நடந்துபோய் நின்றுவிட்டு வந்தார் என்று சொன்னார்கள். திரும்ப உருக்கினால் இன்னும் நாலு இடத்துக்குப் பரவிவிடும் என்ற பயத்தில், வந்த பம்புகளையெல்லாம் புது ஷெட்டின் அஸ்திவாரக் குழியில் இறக்கி மேலே கான்கிரீட்டைக் கொட்டினார்கள்.

லாரி வாரம் முழுக்க ஓடியது. மறுபடியும் பிரஸ் ஓட்டப் போய்க்கொண்டிருந்த எபநேசருக்கு ஞாயிறு மட்டும்தான். சில தோட்டங்களுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கிணற்றுமேட்டில் புதுப் பம்பு பெயின்ட் வாசனையோடு உட்கார்ந்திருந்தது. அங்கே என்ன வாசித்தது என்று வீட்டுக்காரர்களைக் கேட்பார். அவர்கள் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். வாயில் வந்ததிலும் அவருக்கு வேறு யாரோதான் தெரிந்தார்கள். கடைசியில் பம்புக் கடைக்காரர் சொன்னார்: "அந்த வார்ப்புல இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க. சுல்தான்பேட்டைல மயிலாத்தாங்கற அம்மா தோட்டம். ஆனா அது வாசிக்கலைன்னு அந்தம்மா சொல்லுது. எதுக்கும் போட்டுப் பாத்துட்டு வரச்சொல்லி இன்னிக்கு சர்வீஸ் பையன அனுப்பறாங்க."

எபநேசர் அன்றைக்கு ஷிப்ட்டுக்குப் போகவில்லை.

மயிலாத்தா அறுபதை நெருங்கியவர். கணவர் இல்லை, மகன் ஓசூரில். சுற்றிலும் காலி மனையாகக் கல் நட்டுவிட்ட நிலத்துக்கு நடுவில் அவர் தோட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. கையில் மம்பட்டியோடு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மொபெட்டைப் பார்த்ததும் வரப்பின்மேல் வேகமாக வந்து வழியில் நின்றுகொண்டார்.

"என்ற மோட்டாரு வாசிக்காதுங். சொல்லிப்போட்டனே."

"நான் எடுக்க வரலீங்கம்மா," என்று எபநேசர் இடது கையை நீட்டிக் காட்டினார். "இது என் வெரலுங்க."

அந்த அம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுங்களா?"

இத்தனை தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "ஈரத்துக்கு மட்டுங்க," என்றார் எபநேசர்.

மயிலாத்தா மம்பட்டியை வரப்பில் சாய்த்துவைத்தார். "மெல்லமா வாங்க. ஆளு வந்தாக் கூச்சப்படும்."

பம்பு ஷெட்டுக்குப் பத்தடி முன்பே எபநேசர் நின்றுவிட்டார். அது வாசித்தது. ஒரு துண்டு வாசித்தது, நிறுத்தியது; மறுபடியும் ஒரு துண்டு, மறுபடியும் நிறுத்தம். போனில் பேசுகிற ஒருத்தர் எதிர்ப்பக்கத்துக்கு இடம் விட்டுவிட்டுப் பேசுவதுபோல இருந்தது. தண்ணீர் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அது உடற எடத்துல நான் பேசிக்குவனுங்," என்றார் மயிலாத்தா, கொஞ்சம் வெட்கத்தோடு. "வெங்காயத்துல நோவு உழுந்திருச்சுன்னு சொல்லுவேன். பையன் போன் பண்ணலைன்னு சொல்லுவேன். நாஞ் சொல்லி முடிக்கற வரைக்கும் இருக்கும், அப்பறம் அது சொல்லும். இதப்போயி வாசிக்குதுன்னு வெளிய சொன்னா, உட்டுவைப்பாங்களா?"

எபநேசர் கேட்டார். ஹெண்ட்ரிக்ஸைப் பொருத்திப் பார்த்தார், பொருந்தவில்லை. கிங்கைப் பொருத்தினார், இல்லை. தனக்குத் தெரிந்த ஒவ்வொரு பேராகக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார், ஒவ்வொருத்தராக விலகிப் போனார்கள். ஒருவேளை இது யாருமே இல்லையோ, வெறும் ஓட்டை உடைசல்தானோ என்று பயம் வந்தது. கிட்டப் போய், அதிர்வைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில், தொட்டிக்குப் போகிற இரும்புக் குழாயின்மேல் இடது கையை வைத்தார். ஆள்காட்டி விரல் பட்டதும், அடுத்து வந்த நிறுத்தம் நிறைந்தது.

அவர் கையை எடுத்தார். காலியானது. சுண்டுவிரலை வைத்தார். நிறைந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது: பம்புக்குள்ளே இருப்பது நடுவிரலும் மோதிரவிரலும்தான், அவை தங்கள் பங்கை மட்டும் வாசித்துவிட்டு, பக்கத்து விரல்களுக்கு உரிய இடத்தை அப்படியே விட்டுவைத்திருக்கின்றன. மற்ற பம்புகளில் எல்லாம் அவை இரண்டே முண்டியடித்துக்கொண்டு யாரையோ மாதிரி முழுசாக வாசித்துவிட்டன. இதில் மட்டும் காத்திருந்தன.

குழாயை இரண்டு விரலால் பிடித்தார், தூர அமுக்கினார், கிட்ட அமுக்கினார், விட்டார். இரும்பு ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடையில் நெகிழ்ந்து கொடுத்தது. நாலு விரலும் சேர்ந்து போன பாதையில் கனமும் இருந்தது, நடுக்கமும் இருந்தது. ஆனால் அது யாருடைய நடையும் இல்லை. கொஞ்சம் தயங்கிக் கால்வைத்து, வைத்த பிறகு பின்வாங்காத ஒரு நடை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் வாசித்தார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"இது ஆரு வாசிக்கற மாதிரிங்க?" என்று மயிலாத்தா கேட்டார்.

"தெரியலீங்கம்மா," என்றார் எபநேசர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. குழாயைப் பிடித்தபடியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டித்தடத்தில் லாரியின் ஹாரன் கேட்டது.

மயிலாத்தா ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தார். லாரியிலிருந்து இறங்கியவன் சுதன், கம்பெனியின் சர்வீஸ் ஆள்; எபநேசரைப் பல தோட்டத்தில் பார்த்திருக்கிறவன்.

"எபிண்ணா! நீங்க இங்கயும் வந்துட்டீங்களா? வாசிக்காததக்கூட விடமாட்டீங்க போல." சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தான். "அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் போட்டுப் பாத்துக்கறேன். வாசிக்கலைன்னா வாசிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிர்றேன்."

"தண்ணி போதும்னு இப்பத்தான் நிறுத்துனனுங்."

"அஞ்சே நிமிசம்மா."

அவன் பச்சைப் பொத்தானை நோக்கிக் கை நீட்டியபோது, எபநேசர் எழுந்து, வலது உள்ளங்கையின் ஓரத்தைக் குழாய் பம்போடு சேருகிற கழுத்தில் வைத்தார். மெட்டல் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான் அது: மீட்டுகிற கையின் சதையோரத்தைத் தந்தியின் அடியில் லேசாக அழுத்திப் பிடித்தால், ஸ்வரம் நெஞ்சுக்குள்ளேயே அடங்கி வெறும் தடதடப்பாகிவிடும். லேசாகப் பிடித்தால் போதும் கிட்டாருக்கு. எபநேசர் இன்னும் அழுத்தினார், உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஓரத்தில் இறக்கினார்.

பம்பு ஓடியது. ஒற்றை இரைச்சல். கையடியில் அது பிடிபட்ட மீனைப்போலத் திமிறியது.

"கைய எடுங்கண்ணா, பைப்பு இப்படி அதிருது."

"இருக்கட்டும்ப்பா. மரத்துப்போன கைக்கு இதமா இருக்கு."

சுதன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஷெட்டைச் சுற்றி வந்து கேட்டான். மயிலாத்தா மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எபநேசரின் மணிக்கட்டிலிருந்து வலி தோளுக்கு ஏறியது. உள்ளே இரண்டு விரல் தங்கள் பங்கை வாசித்துவிட்டு இடம் விட்டன. நிரப்ப யாரும் வராததால் மறுபடியும் வாசித்தன. மறுபடியும் இடம் விட்டன.

"இது வெறும் மோட்டாருதான்," என்று சுதன் நிமிர்ந்தான். "அம்மா சொன்னது சரி." போகிறவன் வாசலில் நின்று திரும்பினான். அவன் நல்ல பையன்தான், அக்கறையோடுதான் கேட்டான். "இதோட எல்லாம் முடிஞ்சுதுங்கண்ணா. நீங்க தேடுனது, உங்களுது, எங்கயாச்சும் கெடச்சுதா?"

எபநேசர் அவனைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறாரோ அதுதான் பட்டறையிலும் டீக்கடையிலும் எங்கள் பவுண்டரியிலும் சொல்லப்படும், தோஹாவரைக்கும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"இல்லப்பா," என்றார். "கெடைக்கல."

"விடுங்கண்ணா," என்று சுதன் சொன்னான். "அவங்க மாதிரி அத்தனை பேரு மாதிரியும் வாசிச்சீங்களே, அதுவே பெரிசில்லையா."

லாரி போனது. தடத்தில் எழுந்த புழுதி வேலிமேல் இறங்கி முடிகிறவரை எபநேசர் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். உள்ளங்கையின் ஓரம் கன்றிச் சிவந்திருந்தது. அடக்கி வைத்த மூச்சு போல ஒரு துண்டு வெளியே வந்து, நின்று, இடம் விட்டது. அவர் இடது கையைக் குழாயின்மேல் வைத்தார்.

மயிலாத்தா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குள் வெங்காயப் பாத்தி நிறைந்து, தண்ணீர் வரப்பைத் தாண்டித் தடத்துக்கு வந்துவிட்டிருந்தது. "அய்யோ, நின்னுக்கிட்டே இருந்துட்டனே," என்று முணுமுணுத்தபடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். வரப்பில் சாய்த்திருந்த மம்பட்டியை எடுத்து, நிறைந்த பாத்தியின் வாயை இரண்டு வெட்டு மண்ணால் அடைத்துவிட்டு, அடுத்த பாத்தியின் மடையைத் திறந்தார்.